ஆந்தனி காட்டிய பெயர்

சுவரில் விழுந்த வெளிச்சத்தில், ‘தமிழாக்கம்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

நிர்மலாதேவி.

அது அவள் பெயர்தான். ஆனால் அங்கே இருக்க வேண்டிய பெயர் அதுவல்ல.

முதலியார்பேட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்களும், யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுமாக முப்பது பேர் கூடியிருந்தார்கள். கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்று முழுக்கத் தமிழில் வெளிவருகிற நாள். மேசைமேல் குறுந்தகடுகள் அடுக்கியிருந்தன. எல்லாரும் கை தட்டினார்கள்.

“கலக்கிட்டீங்க தூறல்!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

தூறல் என்பது அவள் வலைப்பதிவின் பெயர். இந்தக் கூட்டத்தில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

செய்யாத புண்ணியத்துக்கு விழுகிற மாலை கழுத்தில் கனக்கும். அவளுக்குக் கனத்தது.

அந்த மென்பொருளின் இரண்டாயிரத்து முந்நூறு வரிகளையும் தமிழாக்கியவர் ஆந்தனி. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் சொல்தா என்பார்கள். கருவடிக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் முடித்தார். அவளைவிட முப்பது வயது மூத்தவர். ஆனாலும் மடலுக்கு மடல், ‘தூறலம்மா, இந்தச் சொல் பொருந்துகிறதா?’ என்று பணிவாகக் கேட்பார்.

கடைசி மடலில் மட்டும் வேறொன்று கேட்டிருந்தார். ‘நான் செய்தது என்று எங்காவது ஓரிடத்தில் இருக்கும் இல்லையா? வீட்டில் கேட்கிறாள்.’

‘உங்கள் பெயர் இல்லாமலா ஐயா?’ என்று பதில் போட்டிருந்தாள்.

போன வாரம், வெளியீட்டுக்கு அனுப்பும் முன் சரிபார்த்தபோது, அவருடைய கோப்பில் ஓரிடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருப்பதைக் கண்டாள். வைத்தாள். சேமித்தாள். அனுப்பிவிட்டாள்.

கோப்பைக் கடைசியாகச் சேமித்தவர் யாரோ, அவர் பெயரைத்தான் தமிழாக்கத்துக்கான கருவி, தமிழாக்கியவர் என்று தானாக எழுதிக்கொள்ளும். முன்னவர் பெயரைக் கையால் திரும்ப எழுதிவைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களை எல்லாம் இதைச் சொல்லி எச்சரிப்பவளே அவள்தான்.

ஒரு புள்ளி வைத்தவளுக்குப் பெயர் வந்துவிட்டது.

ஆந்தனி முன்வரிசையில் இருந்தார். இன்றுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்க்கிறாள். பக்கத்தில் அவர் மனைவி எலிஸபெத், பூசை முடிந்து நேராக வந்த பட்டுச்சேலையோடு. வாசலில் சந்தித்தபோதே ஆந்தனி சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: “இவ சைகோன்ல பொறந்தவ, தூறலம்மா. படிச்சதெல்லாம் பிரெஞ்சு. தமிழ் நல்லாப் பேசுவா, ஆனா ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எம் பேரு சுவத்துல வருதுன்னேன், கெளம்பிட்டா.”

இப்போது எலிஸபெத் கணவரை முழங்கையால் இடித்தார்.

“ரெண்டு வருசமா என்ன வுட்டுட்டு அந்தப் பொட்டிகூடக் குடும்பம் நடத்துனீங்களே, எங்க உங்க பேரு? காட்டுங்க பாப்போம்.”

நிர்மலாதேவி எழுந்துவிட்டாள். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

ஆந்தனி திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, சுவரில் இருந்த அந்த ஒரே பெயரைக் காட்டினார்.

“அதோ. அதான்.”

எலிஸபெத் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தார். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கைப்பையிலிருந்து சின்ன கேமராவை எடுத்து, கணவரைச் சுவர் ஓரமாக நிற்கவைத்தார்.

“நேரா நில்லுங்க, சொல்தா!”

அவர் விறைப்பாக நின்றார். பெயரில் பாதி அவர் தோள்மேல் விழுந்தது.

நிர்மலாதேவி உட்கார்ந்தாள். கேட்பதற்குள் மன்னித்துவிடுகிற மனிதர்களிடம் என்னதான் சொல்ல முடியும்? கடவுளிடம்தான் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னாள்.

தேநீர் வந்தது. ஆந்தனியை நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலிஸபெத் தனியாக அவளிடம் வந்தார்.

“நிர்மலாதேவிங்கறது நீங்கதானே?”

அந்தப் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது சுவரில் மட்டும்தான் இருந்தது. தமிழில்.

“அம்மா, உங்களுக்கு…”

“மெல்லப் பேசுங்க, அவருக்குத் தெரியாது.” எலிஸபெத் கணவர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “காப்பி கொண்டாந்து வெச்சிட்டு, பின்னாடியே நின்னு பாத்துக்கினு இருப்பேன். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்பாரு. ரெண்டு வருசம். கழுதைக்குக்கூட வந்துருக்கும்.”

நிர்மலாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று இப்போதாவது சொல்ல நினைத்தாள். எலிஸபெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த தடவ அவரு பேரப் போட்டுடுங்கம்மா. அவரு இனிமே கேக்க மாட்டாரு.”

“கண்டிப்பாம்மா.”

“போட்டதும் எங்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றார் எலிஸபெத். “அப்பவும் அவருதான் எனக்குக் காட்டணும்.”