எங்கள் வெள்ளிக்கிழமை

"இஞ்சருங்கோ, முருகனைத் தூக்கிக் குசினி அலுமாரிக்குள்ள வையுங்கோ. பத்து நிமிசத்தில அந்த மனுசி வந்திடும்."

பிறேமினி போட்ட சத்தத்தில் லண்டன் வால்தம்ஸ்டோவே ஒருதரம் குலுங்கியது. கணவர் கிருஷ்ணராசா சாமிப்படத்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். படத்தில் செருகியிருந்த மயிலிறகின் நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

"புத்தகப் படிவத்தில நான் பொய் எழுதேல்லையப்பா," என்றாள் பிறேமினி. "வெள்ளிக்கிழமை விளக்கேத்துவீங்களோ? ஓம். பன்றி தின்னுவீங்களோ? இல்லை. நாடு விட்டு நாடு வந்த சனமோ? அதுக்கு ரெண்டு தரம் ஓம் போட்டன்."

"பின்பக்கத்தில யூதக் குடும்பங்களுக்கு மட்டும் எண்டு கிடந்ததாமே?"

"படிவத்தின்ர பின்பக்கத்தை ஆர் பாக்கிறது? வந்த புத்தகங்களில வெள்ளிக்கிழமைக்குப் பாணைப் பின்னிச் சுடுறதும் வெள்ளைக்காரற்ற வழக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

லைப்ரரியில் எடுத்த படிவம் அது. மாதம் ஒரு சிறுவர் புத்தகம் இலவசமாக வரும். வாசித்துவிட்டு, 'எங்கள் வெள்ளிக்கிழமை' என்று பிள்ளை ஒரு படம் கீறி அனுப்பவேண்டும். ஷிப்ட், ஷிப்ட் என்று ஓடித்திரிந்த கிருஷ்ணராசா, ஐந்து வயது மகள் கம்சிகாவை மடியில் வைத்து வாசிப்பதற்காகவே வெள்ளிப் பின்னேரங்களில் போனை அணைக்கத் தொடங்கியிருந்தார். நேற்று வந்த கடிதத்தில்தான் குட்டு விளங்கியது: வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற யூதப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் அவை; அனுப்புகிற மிசிஸ் லெவின் இன்று வீடு பார்க்க வருகிறார். புத்தகம் நின்றால் பிள்ளைக்கு அந்த மடியும் போய்விடும். பிறேமினி முருகனை ஒளிக்கச் சொன்னது அதற்குத்தான்.

மணி அடித்தது.

மிசிஸ் லெவின் நேரே குசினிக்குள் போனார். பிறேமினி மயிலிறகை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தச் சட்டிகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன?"

"அது மீன், இறைச்சி காய்ச்சுற மச்சச் சட்டி, இது மரக்கறிச் சட்டி. அகப்பைகூட மாறக் கூடாது."

மிசிஸ் லெவின் கண்ணைத் துடைத்தார். "இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று நம் யூதர்களில் எத்தனை பேர் இன்னும் சட்டி பிரித்து வைக்கிறோம்? என் மகளே விட்டுவிட்டாள். அடுத்த மாதம் ஆறு குடும்பங்களைக் கூட்டி வருகிறேன். வெள்ளிக்கிழமை எப்படி இருக்கவேண்டும் என்று நீங்கள்தான் அவர்களுக்குக் காட்டவேண்டும்."

கிருஷ்ணராசா கதிரை இருக்கிற இடம் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லகாலம், கதிரை அங்கேதான் இருந்தது.

மிசிஸ் லெவின் அடுத்த புத்தகத்தைக் கம்சிகாவின் கையில் கொடுத்துவிட்டு, குசினி வாசலில் நின்று, பிறேமினியின் முதுகுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த மயிலிறகைத் திரும்பிப் பார்த்தார்.

"முதலில் அந்த அலுமாரியைத் திறந்துவிடுங்கள். எட்டு மாதமாக உங்கள் மகள் அனுப்பிய எட்டுப் படங்களிலும் நடுவில் மயிலோடு நிற்பவர் அவர்தான், பாவம், மூச்சு முட்டப்போகிறது."