இரண்டு முல்லர்கள்

அழைப்பு மணி அடித்ததும், தனியாக வசித்த அந்தப் பெரியவர் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு கதவைத் திறந்தார்.

கேக் பெட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். "முல்லர் வீடுதானே?"

"அது மூணாவது மாடி முல்லரும்மா."

"கீழே வாசல்ல ரெண்டு அழைப்பு மணியிலயும் முல்லர்னுதான் போட்டிருக்கு!"

"நீ என்ன பண்ணுவே? அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் மாவு மில்லு. மில்லுக்காரன் வம்சமெல்லாம் முல்லர்னு ஆயிடுச்சு. ஜெர்மனியில தடுக்கி விழுந்தா ஒரு முல்லர் மேலதான் விழணும். காபி சூடா இருக்கு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்."

"நேரமில்லைங்க ஐயா!" சிரித்துக்கொண்டே அவள் படியேறிவிட்டாள்.

மாலையில் மூன்றாவது மாடி திருமதி முல்லரே இறங்கி வந்தார்.

"என்னைத் தேடி வர்றவங்கல்லாம் உங்க மணியை அடிச்சு உயிரை வாங்கிட்டாங்க. மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு காஸல் நகரத்துல இருக்கிற மகன்கிட்டயே போயிடறேன். இனிமே உங்களுக்கு நிம்மதி."

பெரியவரின் முகம் வாடிவிட்டது. "உங்க வீட்டுக்கு யார் வர்றாங்க?"

"பெக்கர்னு ஒரு குடும்பம். ரொட்டி சுட்டவங்க வம்சம் போல. வீடு நிறைய பிள்ளைங்க, ஏகப்பட்ட சொந்தபந்தமாம்."

மறுநாள் சாமான் லாரி கிளம்பியதும் பெரியவர் ஸ்குரூ டிரைவரோடு வெளிவாசலுக்குப் போனார். தன் மணிக்கு மேலே இருந்த 'முல்லர்' என்ற தகட்டைக் கழற்றினார். அடியில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது: ஸைட்லர். காட்டில் தேன் எடுத்தவர்களின் பெயர் அது. அந்தப் பெயரைத் தேடி யாரும் மணி அடித்ததே இல்லை.

தூசியை விரலால் துடைத்துவிட்டு, அதன்மேல் புதிய தகட்டை வைத்துத் திருகினார்.

'பெக்கர்.'