பதினாறு போல்ட்டுகள்

"உங்க மேல தப்பே இல்லண்ணே," என்றார் விசாரணைக்கு வந்திருந்த பெண் பொறியாளர்.

ரசமட்டம் தலை நிமிரவில்லை.

முப்பது வருட மெக்கானிக். வேலையில் மயிரிழை பிசகாது என்பதால் ஆலை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்.

மேசைமேல் வெள்ளைத் துணியில் ஒரு போல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. அணு உலைக்குக் குளிர்நீர் தள்ளும் பம்பின் மூடியைப் பிடித்திருந்த பதினாறில் ஒன்று. மூன்று வாரத்துக்கு முன் அது தெறித்து, மூடி வாய் பிளந்து, தண்ணீர் பீய்ச்சியடித்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

கடைசியாக அந்த மூடியைப் பூட்டியவர் அவர்தான்.

"கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு உடைஞ்சிருக்கு. முறுக்கு தளர்வா இருந்தா இப்படி ஆகும். ஆனா நீங்க முறுக்கின அளவெல்லாம் படிவத்துல கச்சிதமா இருக்கு. அப்போ இரும்புலதான் கோளாறு. அப்படித்தான் எழுதப்போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளருக்கு மூச்சு வந்தது. தேநீர் சொல்லி அனுப்பினார்.

ரசமட்டம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வரிசை. பதினாறிலும் ஒரே எண். முத்து முத்தான கையெழுத்து.

"அதெல்லாம் நான் சும்மா எழுதினதும்மா."



அவருக்கு வலது தோள் ஒரு வருடமாகவே மேலே எழும்பவில்லை. மருத்துவரிடம் காட்டினால் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று வீட்டில்கூட மூச்சு விடவில்லை. அளவு ஸ்பானரை, இறுக்கம் சரியானதும் வரும் 'டக்' சத்தம் கேட்கும்வரை இழுக்க வேண்டும். பாதி போல்ட்டுகளில் அவருக்குச் சத்தம் வரவேயில்லை. சரிபார்க்க வேண்டிய பரிசோதகர், "நீங்க பூட்டினதை நான் என்னண்ணே பாக்குறது?" என்று சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரமாக ரசமட்டத்தின் நெஞ்சை அரித்தது அந்தச் சிரிப்புதான்.

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சரி, விடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. முடிஞ்சுபோன கதை. அறிக்கை அப்படியே இருக்கட்டும்."

பொறியாளர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

ரசமட்டம் சாத்திய கதவைப் பார்த்தார். இந்த அறையை விட்டு எழுந்து போய்விடலாம். நல்ல பெயரோடு போய்விடலாம்.

"இன்னும் முடியல சார்," என்றார். "ரெண்டாவது பம்பையும் அதே வாரம் நான்தான் பூட்டினேன். இப்ப ஓடிக்கிட்டிருக்கறது அதுதான்."

மறுநாள் உலையை நிறுத்தி அந்தப் பம்பைத் திறந்தார்கள். ஏழு போல்ட்டுகள் ஸ்பானர் பட்டதுமே கழன்றன.

கழற்றிய அதே பரிசோதகர், வாசலில் நின்ற ரசமட்டத்தின் கண்ணில் படாதபடி, ஒவ்வொன்றையும் தன் முதுகால் மறைத்து மறைத்து எடுத்துவைத்தார்.