ஹனாதி வாய் திறக்கும் வரை

"அரை ரொட்டியை ரெண்டு பேரு பங்கு போட்டா ஒருத்தருக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் இருந்த ஹனாதியை நோக்கிக் கை நீட்டினார் கணக்கு வாத்தியார் ஷெஹாத்தா.

நான் பேனா மூடியைத் திறந்தேன்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் எழுந்து நிற்பதற்குள் "கால்! கால் ரொட்டி!" என்று அவரே சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

ஆறு வருஷமாக அப்படித்தான்.

எகிப்தில், மல்லவி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியார்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து, அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து, எங்கே சரி செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். ஷெஹாத்தாவிடம் நான் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான்.

"உஸ்தாத், கேள்வியைக் கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா நில்லுங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க."

"எண்ணலாம் அப்லா நிமத். அறுபத்திரண்டு பிள்ளைங்க, நாப்பது நிமிஷம். ஆளுக்கு அஞ்சு எண்ணினா, பாடம் முடியறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

'அப்லா' என்று டீச்சரம்மாவுக்குரிய மரியாதையோடு சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்கு டீயும் வரவழைப்பார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம்.

மின்யா நகரில் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தேன். சின்ன வயசு டீச்சர் ஒருத்தியின் வகுப்பில் உட்கார வைத்துப் பார்த்தேன். அங்கேயும் பிள்ளைகளை முந்திக்கொண்டு இவர் பதில் சொன்னாராம்.

இந்த வருஷம் எனக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது பள்ளிக்கூடம். முழங்கால் வீங்கியிருந்தது. வரும் வழியிலேயே, மைக்ரோபஸ்ஸில், மடியில் வைத்து அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். 'முன்னேற்றம் இல்லை.' ஏற்கெனவே இரண்டு முறை எழுதியாகிவிட்டது; மூன்றாவது முறையும் அப்படி எழுதினால் ஆளை வகுப்பிலிருந்து எடுத்துப் பாடப்புத்தகக் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள்.

கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஹனாதி எழுந்து நின்றாள்.

ஷெஹாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

முன் பெஞ்சுப் பையன்கள் "உஸ்தாத், நான்! உஸ்தாத், நான்!" என்று விரலை ஆட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை இறக்கச் சொன்னார்.

நான் ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். வகுப்பு நெளிந்தது. எனக்கே இருப்புக் கொள்ளவில்லை, பதிலைச் சொல்லித் தொலைக்கலாம் போல இருந்தது.

அவர் மணி பார்க்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கா..." என்றாள் ஹனாதி. நிறுத்திவிட்டாள்.

அவர் லேசாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

"கால்," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "ஏன்னா முழு ரொட்டின்னா நாலு பேருக்கு வரும்," என்றாள்.

அந்தப் பெண்ணின் குரலை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அறிக்கையை நான்காக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டேன். புதுத் தாள் எடுத்து, கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மணி அடித்ததும் தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன். ஆறு வருஷம் தொண்டை வறளப் பேசியது வீண் போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

"கடைசியில நான் சொன்னதைக் கேட்டுட்டீங்களே உஸ்தாத்!"

அவர் சாக்பீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்; சொல்லவில்லை.

"உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும் அப்லா. ரமலானுக்கு முன்னாடி வீட்டுக்காரிக்குப் பக்கவாதம். கை கால் சரியாயிடுச்சு. பேச்சுதான் சரியா வரல. ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகும். மொதல்ல நானே முடிச்சு வச்சேன். தண்ணியா, தலைகாணியா, பிள்ளைக்குப் போன் போடணுமான்னு..."

கால்சட்டையில் இன்னொரு தடவை கையைத் துடைத்தார்.

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. ரெண்டு நாள் என் முகத்தையே பாக்கல. அதுலேர்ந்து நான் குறுக்க பேசறதில்ல."

இப்போது பேசுகிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து முழுசா ஒரு வாக்கியம் வந்துச்சு," என்றார் ஷெஹாத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நான் வச்ச மொச்சையில உப்பே இல்லையாம்."