நாற்பதாம் நம்பர் ஒயில்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்மணிகளே. சத்தம் போடுகிற ஒரு காரும் சத்தமே போடாத ஒரு பெண்ணும் இருந்த வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எண்பத்திரண்டாம் ஆண்டு, நம் கல்முனையில் நடந்தது.

"என்ன மச்சான், இது கார் ஓடுற சத்தமா, உரல்ல நெல்லுக் குத்துற சத்தமா?"

கேட்டவர் நற்பிட்டிமுனை கச்சிமுகம்மது. மகன் அப்துல் ஸமட்டுக்குப் பெண் பேச வந்தவர், ஷரிபுதீன் வீட்டு வாசலில் நின்ற மொரிஸ் மைனருக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். ஷரிபுதீனின் மகள் ஜெமீலாவுக்கு வீட்டோடு அந்தக் காரையும் சீதனமாகக் கொடுப்பதாகத்தான் பேச்சு.

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள் தாய் ஆயிஷா உம்மா. யா அல்லாஹ், மூன்றாவது இடமும் இப்படியே போகப் போகிறதா?

இரண்டு மாதத்துக்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து போய்விட்டார்கள். இரண்டு தரமும், அன்றைக்குப் போலவே, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகுதான். இரண்டு தரமும் இதே கார் இதே மாதிரி லடலடவென்று அடித்துக்கொண்டது. முதல் மாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பாமலே, "எஞ்சின் செத்துப்போச்சு" என்றார். இரண்டாவது மாப்பிள்ளை புதுக் கார் கேட்டார். அவர்கள் போன மறுநாளே கார் ஒரு குறையுமில்லாமல் சொறிக்கல்முனை வயலுக்குப் போய் வந்தது! கண்ணூறுதான் என்று பள்ளிவாசல் லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்கிப் பொனட்டில் தெளித்தும் பார்த்தாள் ஆயிஷா உம்மா. பலனைக் காணோம்.

ஷரிபுதீன் அசரவில்லை. "என்ட கையால பாக்கிற கார் மச்சான்! மூவாயிரம் மைலுக்கு ஒருக்கா ஒயில் மாத்துறன். ரேடியேட்டருக்குத் தண்ணி, பட்டரிக்குத் தண்ணி, டயருக்குக் காத்து, ஒண்டும் தவறாது. நேத்துக்கூடச் சத்தமே கேக்காம ஓடினது."

"நேத்து ஓடின ஓட்டத்தில இண்டைக்கு நாங்க ஏறிப் போகேலுமா?"

கச்சிமுகம்மது சால்வையை உதறித் தோளில் போட்டார். புறப்படப் போகிறார். ஆயிஷா உம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாப்பா, கொஞ்சம் பொறுங்க."

கூட வந்திருந்த மாப்பிள்ளையின் குரல் அது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துவதுதான் அப்துல் ஸமட்டின் தொழில். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"எஞ்சினை நிப்பாட்டுங்க மாமா."

சற்றுப் பொறுத்து, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினான். கைலேஞ்சியால் துடைத்து, திரும்பவும் விட்டு எடுத்தான். நுனியிலிருந்து ஒயில் தண்ணீர்போலச் சொட்டியது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"அளவு சரி. தடிப்புத்தான் இல்ல. மண்ணெண்ணெய் மணக்குது."

"மண்ணெண்ணெயா! நாப்பதாம் நம்பர் ஒயில் ஊத்தினவன் நானெல்லுவா!"

"நாப்பதுதான் எங்கட வெக்கைக்குச் சரி, மாமா. சூடேற ஏற எந்த ஒயிலும் இளகும். நாப்பது இளகினாலும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். இது கிடக்காது, ஓடிப்போகும். பிறகு இரும்பும் இரும்பும் அடிபடத்தானே செய்யும்? ஆர் கலந்ததோ தெரியா, எஞ்சினில குறையில்ல. வீட்டில நல்ல ஒயில் இரிக்கா?"

சீல் உடைக்காத டின் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை காருக்குக் கீழே படுத்தான். இருந்ததை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு வாயை மூடிக்கொண்டது.

கச்சிமுகம்மது பொனட்டின்மேல் காதை வைத்தார். "ஓடுதா மகன், நிண்டுட்டா?"

"ஓடுது வாப்பா."

"அப்ப என்ன மச்சான் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கலியாணத்துக்கு நாளைக் குறிங்க!"

மஃரிப் தொழுகைக்கு முன்னமே நாள் குறித்தாயிற்று. வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் ஆயிஷா உம்மா குசினிக்குள் ஓடினாள்.

"லெவ்வைட தண்ணி பலிச்சிட்டு மகள்! அவருக்கு ஒரு சேவல் குடுத்தனுப்பணும்."

ஜெமீலா கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"குடுங்க உம்மா, பாவம். ஆனா வாப்பாக்கு மட்டும் சொல்லிராதீங்க. அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பாத்து நல்ல ஒயிலை இறக்கி வெச்சிட்டு, மண்ணெண்ணெய் கலந்ததை ஊத்தினது நான்தான். முந்தின ரெண்டு தரமும் வந்தவங்க போனதும் திருப்பி மாத்திட்டன். மாப்பிள்ளைமார் மூண்டு பேருக்கும் ஒரே ஒயில்தான் உம்மா. கம்பியைத் தூக்கிப் பாத்தவர் இவர் ஒராள்தான்."

அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களின் காலடி உங்கள் வாசலிலும் படட்டும், கண்மணிகளே. உங்கள் குசினிகளில் என்றைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்.