தீ தங்கிய மரம்

மெல்ல வாருங்கள், தரை இன்னும் சுடுகிறது. சிறுமலை அடிவாரத்து மாந்தோப்பில் காலை வெயில் புகைக்குள் சாய்வாக இறங்குகிறது. கோடையில் மலைத்தீ வந்தால் தோப்பையே தின்றுவிடும் என்று, ஸ்டீபன்ராஜ் நேற்றுச் சாயங்காலமே காற்றுக்கு எதிராகத் தீ வைத்துக் காய்ந்த புல்லை எரித்திருக்கிறான். தீ முழங்கால் உயரத்தில் நடந்து, மரங்களைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது. ஒரு மரத்தடியில் மட்டும் உட்கார்ந்துவிட்டது. ஈரம் காக்கட்டும் என்று அவன் மனைவி அல்போன்சா சருகை மெத்தைபோலக் குவித்து வைத்திருந்த மரம். இப்போது அடிமரம் கரியாக நிற்கிறது.

“மெத்தை போட்டு நான்தான் கொன்னுட்டேன்,” என்கிறாள்.

“சருகை ஒதுக்காமத் தீ வச்சவன் நானு. நீ எதுக்கு அழுவுற?”

“அழுவல. புகை.”

அவள் மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டுகிறாள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்புதான் தெரிகிறது. நகர்ந்து சுரண்டுகிறாள், அங்கும் பழுப்பு. அவன் பார்க்கமாட்டாமல் மலைப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். சாம்பலில் ஒரு மைனா தத்தித் தத்தி, வெந்த வெட்டுக்கிளிகளைப் பொறுக்குகிறது.

“என்னடி, பேச்சையே காணோம்?”

“செத்த நேரம் சும்மா இருங்க.”

அவள் மரத்தின் மறுபக்கம் போய்விட்டாள். சுரண்டும் சத்தம் நிற்கிறது. எட்டி அவன் கையைப் பிடித்து இழுத்து, விரலைப் பட்டையின் கீறலில் வைக்கிறாள். ஈரமாக இருக்கிறது.