வெங்கடசாமியின் எதிர் வீடு

எதிர் வீட்டுச் சுவரில் ஒரு கருங்கல் பலகை. அதில் தெலுங்கு எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது.

படிக்கத் தேவையும் இல்லை. அது வெங்கடசாமியின் வீடு.

அதற்கு நேர் எதிரே, திருச்சானூரின் இந்தக் குறுகிய தெருவில், நானும் என் மகள் ஹர்ஷினியும் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழ் பேசும் வீட்டுக்காரம்மா சுந்தரி குழாயைத் திறந்து காட்டினார். தண்ணீர் வந்தது. ஜன்னலைத் திறந்து காட்டினார். வெங்கடசாமியின் வாசற்படி தெரிந்தது. அவர் வீட்டு மாடிக் கொடியில் இரண்டு பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எந்த ஊரு பெரியவரே?"

"திருத்தணி."

"அட! இங்க கீறவங்க அல்லாரும் மெட்ராஸ் பக்கம் ஓடிக்கினு கீறாங்க. நீங்க ரிவர்ஸ்ல வரீங்களே!"

சிரித்து வைத்தேன்.

ஹர்ஷினி அரக்கோணம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். போன மாதம் திருப்பதிக்கு மாற்றல் வந்துவிட்டது என்று சொன்னாள். அவள் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் போனால் நானும் போக வேண்டும்.

என் தம்பி சந்திரன் கையைப் பிடித்துக்கொண்டான். "எழுபத்தொரு வயசுல ஆந்திரா உனக்கு ஒத்து வருமாண்ணே? பஸ்ல போர்டு பட்ச்சிக்கத் தெரியாது. மருந்துக் கடையில பேசத் தெரியாது. நேத்து வரைக்கும் ஊர்ல பெரிய மனுசன், நாளைக்கு அங்க நீ அரவாடு."

தமிழனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். பஸ் நிலையத்தில் நின்று, இது எங்கே போகிற வண்டி என்று இன்னொருவனைக் கேட்க வேண்டும்.

எல்லாம் யோசித்தேன். ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, எனக்குப் பழகின வைத்தியர். எப்படிப் பார்த்தாலும் ஒத்து வராது என்றுதான் தோன்றியது.

அதன் பிறகுதான் வீடு தேட ஆரம்பித்தேன். இந்த ஒரு தெருவில் மட்டும்.

ஒன்பது வருடம் முன்பு, எதிர் வீட்டுக் கூடத்தில் ஹர்ஷினிக்கும் வெங்கடசாமியின் மகன் சுரேஷ்பாபுவுக்கும் நிச்சயதார்த்தம். பெண்ணை அழைத்துப் போவது எங்களில் வழக்கமில்லை. ஐம்பது பேர் போயிருந்தோம்.

லக்ன பத்திரிகையைப் பெண்ணின் தகப்பன் சபையில் எழுந்து வாசிக்க வேண்டும். அவர்களும் தமிழர்கள்தான். ஆனால் மூன்று தலைமுறையாக இங்கே. வெங்கடசாமி அதைத் தெலுங்கில் எழுதி வைத்திருந்தார்.

எழுந்து வாங்கிக்கொண்டேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"சம்பந்தி, காயிதத்தத் தலைகீழா புட்ச்சிக்கினு கீறீங்க," என்றார் வெங்கடசாமி.

சபை சிரித்தது. சமையல் கட்டிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டுக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு.

பத்திரிகையை மடித்து அவர் மடியில் போட்டேன். தட்டுகளை எடுக்கச் சொன்னேன். வாசலில் வந்து தடுத்த சுரேஷ்பாபுவின் கையைத் தள்ளிவிட்டு வேனில் ஏறினேன்.

ஜாதகத்தில் ஒரு தோஷம் இருந்தது, கடைசியில்தான் தெரிந்தது என்று ஹர்ஷினியிடம் சொன்னேன். அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடமே சுரேஷ்பாபுவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஹர்ஷினி அதன் பிறகு வந்த ஒரு வரனையும் ஏற்கவில்லை.

அதற்கும் வெங்கடசாமிதான் பதில் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லட்டும். தினமும் காலையில் கதவைத் திறந்தால் அவர் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சலவை வேட்டியில், நாற்காலி போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் வீட்டில் நல்லது நடக்கும், கெட்டது நடக்கும். எதிர் வீட்டுக்காரன் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரு கேட்கும். காரணத்தை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

எதிரே இருப்பது யார் வீடு என்று ஹர்ஷினிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

"ஆபீஸ் காயிதம் ஏதாச்சும் காமிங்க," என்றார் சுந்தரி. "ஒருவாட்டி பேச்சிலர் பசங்களுக்கு வுட்டுப் பட்டுட்டேன்."

ஹர்ஷினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பையில ஃபைல் கீது நைனா, எட்த்துக் குடு."

மாற்றல் உத்தரவை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்தது. கண்டக்டருக்கு அவ்வளவு ஆங்கிலம் வரும்.

மேலிடத்திலிருந்து போட்ட மாற்றல் இல்லை. ஊழியரே கேட்டுப் பெற்றது. பின்னால் அவளுடைய விண்ணப்பத்தின் நகலைச் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். வேறு ரயில்வே கோட்டத்துக்குப் போகக் கேட்டவர்களின் வரிசையில் ஒன்பது வருடம் இருந்து, இப்போதுதான் அவள் முறை வந்திருக்கிறது.

விண்ணப்பத் தேதியைப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு.

காரணம் என்ற இடத்தில், ஹர்ஷினியின் கையெழுத்தில், 'திருமணம். கணவர் வீடு திருச்சானூர்' என்றிருந்தது.

இந்த ஒன்பது வருடத்தில் என்றைக்காவது ஒரு வரி எழுதிக் கொடுத்து அதை அவள் திரும்ப வாங்கியிருக்கலாம்.

சுந்தரி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "என்னா பெரியவரே, ஒத்து வருமா வராதா?"

நான் வாய் திறப்பதற்குள் ஹர்ஷினி பதில் சொல்லிவிட்டாள். எதிர் வீட்டைப் பார்த்தபடியே, தெலுங்கில், ஒரு இடத்திலும் தடுக்காமல்.